எந்த வேலையை வெளியே கொடுக்கலாம்: ஏலக்காய்க் கடைக்காரி ஒருத்தியின் கணக்கு

ஏலக்காயை இணையத்தில் விற்கிறவர்களுக்கு வேலை என்பது ஏலக்காயில் பாதி, அட்டைப்பெட்டியில் மீதி. கம்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் நடக்கும் கடையும் அப்படித்தான். ஏலக்காய், மிளகு, கிராம்பு, ஜாதிபத்திரி என்று சில சரக்குகள்; சோறு போடுவது ஏலக்காய். சரக்கு வாங்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், எடை போட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும், படம் எடுத்து ஏற்ற வேண்டும், விளம்பரம் கொடுக்க வேண்டும், கேட்பவர்களுக்குப் பதில் எழுத வேண்டும், கூரியர்காரரைத் துரத்த வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்க வேண்டும். இவ்வளவையும் நானும் என் மதினியுமாக இழுத்துக்கொண்டிருந்தோம். ஆர்டர் கூடியபோது, எதைக் கையை விட்டு விடலாம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. உன்னுடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போடு. அதைவிட மலிவாக ஒருவர் அந்த வேலையைச் செய்தால் அவரிடம் கொடுத்துவிடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடி மாதம் ஆர்டர் இல்லாமல் காற்று மட்டும் வீசும்போது எனக்கு மிச்சமாகும் மணி நேரத்தை யாரும் விலைக்கு வாங்கிக்கொள்வதில்லை. மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் கணக்கு அது. பருவத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு என் ஒரு மணி நேரம் ஐப்பசியில் பொன், ஆனியில் வெறும் பொழுது.

நான் வேறு ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். இந்த வேலையில் தவறு நடந்தால் அது முதலில் யார் கண்ணில் படும்? என் கண்ணில், அதுவும் சரக்கு வீட்டைவிட்டுப் போவதற்கு முன்பே படும் என்றால், அந்த வேலையைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். வாடிக்கையாளர் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும் என்றால் நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதிகாரி நோட்டீஸ் அனுப்பும்போதுதான் தெரியும் என்றால், எழுதும் வேலையைக் கொடுக்கலாம், சரிபார்க்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது. மலிவா, நேரம் மிச்சமா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தரம் பிரிப்பதிலிருந்து தொடங்குகிறேன். போடிநாயக்கனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், காய் பொறுக்குவது அங்கே தனித் தொழில். கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் காயைக் கொட்டிவைத்துக்கொண்டு, வெடித்தது, கறுத்தது, சொறி விழுந்தது, உள்ளே விதையில்லாத பொக்கு என்று பிரித்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பருமன் பார்ப்பது சல்லடையின் வேலை. 8 மில்லிமீட்டருக்கு மேல், 7 முதல் 8, 6 முதல் 7 என்று தனித்தனியாக விழும். நானும் மதினியும் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முதுகு வலிக்கச் செய்வதை அவர்கள் ஒரு பொழுதில் முடித்துவிடுவார்கள், எங்களைவிட நன்றாகவும் செய்வார்கள்.

வெளியே கொடுத்தால் ஏமாற்றம் வருமே என்று மதினி பயந்தார். வரலாம்தான். ஆனால் வந்தால் அதே நாளில் தெரிந்துவிடும். அரசின் அக்மார்க் தர விதியில் பச்சை ஏலக்காய்க்குப் பருமனோடு லிட்டர் எடையும் சொல்லப்பட்டிருக்கிறது: 7 மில்லிமீட்டர் காய் ஒரு லிட்டர் அளவுக்குக் குறைந்தது 435 கிராம் நிற்க வேண்டும், 6 மில்லிமீட்டர் காய் 415 கிராம், 5 மில்லிமீட்டர் காய் 385 கிராம். ஒரு லிட்டர்ப் படியும் ஒரு மின் தராசும் போதும். பிரித்து வந்த மூட்டையின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து ஒவ்வொரு படி எடுத்து நிறுத்துப் பார்த்தால், பொக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்பது எடையிலேயே தெரிந்துவிடும். நிறத்தை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் எல்லாக் காயும் அழகாகத்தான் தெரியும். இவ்வளவு எளிதாகச் சோதிக்க முடிகிற வேலையை வீட்டில் வைத்துக்கொண்டு முதுகை ஒடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆனால் கூலி பேசும் விதத்தில் கவனம் வேண்டும். முதல் தரக் காயின் எடைக்கு இவ்வளவு என்று பேசினால், சுமாரான காயெல்லாம் மெல்ல மெல்ல முதல் தரத்துக்கு ஏறிவிடும். யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை, கூலி அந்தப் பக்கம் இழுக்கிறது. உள்ளே போகும் மூட்டையின் எடைக்குக் கூலி என்று பேசினால் அந்த இழுப்பு இல்லை. கழிவும் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தரம் வாரியாக வந்தது, கழிவு, தூசி எல்லாவற்றையும் கூட்டினால் போன எடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெடித்த காயின் விதைக்கு மசாலாப் பொடிக்காரர்களிடம் விலை உண்டு, அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மூட்டை போகும்போதும் வரும்போதும் கறுப்பு பாலிதீன் உள்ளே போட்ட சாக்கில்தான் போக வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும்.

தரம் பிரிப்பதைக் கொடுத்த கையோடு, வாங்குவதையும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்று ஒரு தரகர் வந்தார். நல்ல மனிதர், காய் தெரிந்தவர். நாங்கள் கொடுக்கவில்லை. நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் போடியிலும், மேலே இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிறது. அதில் கேட்க வியாபாரி உரிமம் வேண்டும். எங்களைப் போன்ற சிறு கடைகள் உரிமம் உள்ள வியாபாரியிடமோ தெரிந்த தோட்டக்காரரிடமோதான் எடுக்கிறோம். இதில் யாரிடம் எடுப்பது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதுதான் பெரிய விஷயம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இப்படி ஆடுகிற சரக்கில் எத்தனை மூட்டை பிடித்துவைப்பது என்ற முடிவை, நஷ்டத்தில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுப்பது சரியல்ல. இன்னொன்று சாயம். மசாலாப் பொருளில் செயற்கை நிறம் ஏற்றுவதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. நிறம் ஏற்றிய காய் என் கடைப் பெயரில் போய், அங்கே பாலில் பச்சை இறங்கினால் தரகர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பதை இன்றும் நானேதான் செய்கிறேன்.

பொட்டலம் கட்டுவதில்தான் நீண்ட யோசனை. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விளக்கத்துக்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம்: வெளியே கொடுத்தால் ஒரு பார்சலுக்கு 15 ரூபாய், ஆள் வைத்தால் நாள் கூலி 450 ரூபாய். இரண்டும் சமமாகும் இடம் நாளைக்கு 30 பார்சல். பத்து பார்சல் போகும் நாளில் ஆள் வைத்தால் ஒரு பார்சலுக்கு 45 ரூபாய் விழும், வெளியே கொடுத்தால் 15தான். தொண்ணூறு பார்சல் போகும் தீபாவளி வாரத்தில் வெளியே கொடுத்தால் நாளைக்கு 1,350 ரூபாய்; இரண்டு ஆள் வைத்தால் 900 ரூபாயில் முடியும். அதாவது கூட்டம் வரும்போது வெளியே கொடு, இல்லாதபோது நீயே பார் என்ற வழக்கமான யோசனை தலைகீழாக இருக்கிறது. துண்டுக்கணக்குக் கூலி லாபம் தருவது வேலை குறைந்த நாட்களில். நாள் கூலி லாபம் தருவது வேலை குவியும் நாட்களில். வேலை குறைந்த நாட்களிலோ நாமே சும்மாதான் இருக்கிறோம், 15 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே வெளியே கொடுப்பது உண்மையில் லாபமாக இருப்பது, நம் கைக்கு அடங்காமலும் ஓர் ஆளுக்குப் போதாமலும் இருக்கும் இடைப்பட்ட நாட்களில் மட்டும்தான்.

தாளில் கணக்கு இப்படி வந்தாலும் எங்கள் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஏலக்காய் பறிப்பு உச்சத்தில் இருப்பதும் தீபாவளி ஆர்டர் குவிவதும் ஒரே காலம். விடியும் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கூலியை விட்டுவிட்டு என் மாடிக்கு வந்து டேப் ஒட்ட யார் வருவார்கள்? 450 ரூபாய்க்கு ஆள் கிடைக்கும் என்ற என் கணக்கு, ஆள் தேவைப்படாத மாதங்களில் மட்டுமே உண்மை.

இதற்கு வழி சொன்னவர் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். பல ஆண்டுகள் மலையேறியவர், முழங்கால் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டார். "ஆனி, ஆடியிலும் எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள் அம்மா, ஐப்பசியில் யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன்" என்றார். அப்படியே பேசி முடித்தோம். பார்சல் கணக்கில் கூலி. பார்சல் குறைந்த மாதத்திலும் இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சத் தொகை. மந்தமான மாதங்களில் கையைவிட்டுப் போவது போலத் தெரியும் அந்தத் தொகைதான் உச்ச மாதத்தில் ஆள் இருப்பதற்கான விலை. மலிவான கூலியைத் தேடி அலைவதைவிட, நமக்குத் தேவைப்படும் அதே வாரத்தில் அவர் வேறெங்கும் தேவைப்படாதவராக இருக்கிறாரா என்று பார்ப்பது மேல்.

ஆனால் அவர் வீட்டில் வைத்துக் கட்டுவதில்லை, எங்கள் மாடிக்கு வருகிறார். உணவுப் பொருளை எடை போட்டு அடைக்கும் இடம் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த இடமாக இருக்க வேண்டும். வேறு இடத்தில் வேறொருவர் அடைத்தால் உறையிலும் அது தெரிய வேண்டும்: அடைத்தவர் பெயர், முகவரி, அவருடைய பதிவு எண். நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்த மாதம், புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை எடை அளவைச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்கப்படுகின்றன. எடை குறைந்தால் பொறுப்பு நம்முடையது. அதனால் வேலையை இரண்டாகப் பிளந்தோம். எடை போட்டு உறையை ஒட்டும் வரை மதினி. ஒட்டிய உறையைப் பெட்டியில் வைத்து, முகவரி ஒட்டி, கூரியரிடம் ஒப்படைப்பது அக்கா. எடைத் தவறை வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார். பெட்டித் தவறை, வாசலில் அடுக்கிவைத்திருக்கும்போதே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

பெட்டித் தவறு என்று லேசாகச் சொல்லிவிட்டேன், உண்மையில் காசு ஒழுகும் ஓட்டை அதுதான். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, அந்த எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. கால் கிலோ ஏலக்காய் ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். அதை 18, 12, 8 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கு 350 கிராமுக்குள் நிற்கும். அரை கிலோ கட்டணம்தான். அதையே 20, 15, 10 பெட்டியில் வைத்தால் 600 கிராம் ஆகிவிடும். ஒரு கிலோ கட்டணம். கண்ணுக்கு இரண்டு பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வெளியே பொட்டலம் கட்டித் தருகிறவர்கள் வசதிக்காக ஒரே அளவுப் பெட்டியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவார்கள். 15 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்துவிட்டு அதைவிடக் கூடுதலான கூரியர் செலவை நம் தலையில் வைத்துவிடுவார்கள். அவர்கள் பில்லில் அது வராது, கூரியர் பில்லில் வரும். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத யாருக்கும் தெரியாது. எங்கள் சுவரில் பெட்டியின் அளவும் அதில் போகும் பொருளும் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும் அப்படி ஒரு தாள் எழுதிவிட்டுக் கொடுங்கள். ஒரே தாளில் எழுத முடியவில்லை என்றால், அந்த வேலை நமக்கே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

மலைக்கு மேலிருந்தும் ஓர் அழைப்பு வந்தது. கம்பம்மெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள், மசாலாப் பொட்டலம் போடும் கூடம் வைத்திருக்கும் சேட்டன் ஒருவர். இயந்திரம் உண்டு, ஆள் உண்டு, உரிமம் உண்டு, கூலியும் நியாயம். மலைப்பாதையில் ஏறினால் போதும், வந்துவிடலாம். இடுக்கி முகவரி உறையில் இருந்தால் விற்பனை கூடும் என்றும் சொன்னார், அதில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசி, கட்டன் சாயா குடித்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்தோம். சுத்தமாகத்தான் இருந்தது.

யோசித்துப் பார்த்தபோது மூன்று காரணங்கள் குறுக்கே நின்றன. முதலாவது தாள் வேலை. நமக்கு அது பக்கத்து ஊர், ஜி.எஸ்.டி.க்கு அது வேறு மாநிலம்: மாநில எண்ணில் அது 32, நாம் 33. சாதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான், சரக்கு போகும் வழியில் காட்ட வேண்டிய இ-வே பில் என்ற சீட்டைக் கேட்பார்கள். கூலி வேலைக்காக வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஒரு மூட்டை என்றாலும் வேண்டும். சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். அங்கிருந்தே நேராக வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்றால், அந்தக் கூடம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை நம்முடைய கூடுதல் வணிக இடமாகக் காட்ட வேண்டும். எதுவும் முடியாத காரியம் இல்லை. ஆனால் மாதம் சில மூட்டை அனுப்பும் கடைக்கு, மிச்சமாகும் கூலியை இந்த வேலையே தின்றுவிடும். பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கும்.

இரண்டாவது, காற்றின் ஈரம். தென்மேற்குப் பருவத்தில் மேலே மெட்டில் மழையும் மூடுபனியும் விடாது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு மலை மறைவில் இருப்பதால் காற்று மட்டும் அடிக்கும், அவ்வப்போது சாரல் எட்டிப் பார்க்கும். உலர்ந்த ஏலக்காய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். மேலே மூட்டையைப் பிரித்துவைத்துப் பொட்டலம் போட்டால், அன்று எடை சரியாக இருக்கும்; சென்னையில் பிரிக்கிறவர் கையில் காய் முறுமுறுப்பு இல்லாமல் நமுத்திருக்கும். இதில் சேட்டன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கீழே உலர்ந்த காற்றை இயற்கை சும்மா கொடுக்கும்போது மேலே போய் ஈரத்துக்குள் காயைத் திறப்பானேன்?

மூன்றாவது, எல்லையின் குணம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் சூடானபோது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அடைபட்டதையும், தோட்டங்களிலிருந்து நம் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு இறங்கி வந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மலைப்பாதைகள் சரிந்தன. 2020 ஊரடங்கில் எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், ஒவ்வோர் ஆண்டும் சபரிமலைப் பருவத்தில் ஒரு வழிப்பாதை போட்டு, போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுகிறார்கள். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவியும் அதே வாரங்களில். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சிறு கையிருப்பும் இல்லாமல் முழு வேலையையும் அந்தப் பக்கம் வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. சேட்டனிடம் இப்போதும் மிளகு வாங்குகிறோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலையை எல்லோரும் முதலில் வெளியே கொடுக்கிறார்கள். அதை முழுவதுமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. "பார்சல் எங்கே வருகிறது", "குமுளிக்கு அனுப்புவீர்களா", "பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை" போன்றவற்றை உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரிப் பெண் மாலை நேரத்தில் பார்த்துக்கொள்கிறார். மலையாளமும் நன்றாக எழுதுவார், கோட்டயம் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருக்கிறது. காயைப் பற்றிய கேள்வியும் குறையும் வந்தால் மட்டும் என் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. காரணம் சொல்கிறேன். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், மூன்று ஊரிலிருந்து, காய் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே என்று எழுதினால், அது மூன்று புகார் இல்லை. எந்த மூட்டையில் ஈரம் ஏறிவிட்டது என்று எனக்கு வந்த ஒரே தகவல். கூலிக்குப் பதில் எழுதுகிறவர் மூன்று பேரிடமும் பணிவாக மன்னிப்புக் கேட்டு, மாற்றுப் பொட்டலம் அனுப்பி, மூன்றையும் முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்திருப்பார். ஈர மூட்டை என் மாடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பாயசத்துக்குப் பொடித்துப் போட எந்தக் காய் வாங்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. விலை கூடிய 8 மில்லிமீட்டர் காயைச் சொல்லிவிட்டால் பில் கூடும். பொடிப்பதற்கு அந்தப் பருமன் தேவையில்லை, விதை நிறைந்த 6, 7 மில்லிமீட்டர் காயே போதும் என்று நான் எழுதுவேன். அந்தப் பதிலுக்காகத் திரும்பி வந்தவர்கள் பலர். ஆர்டருக்கு இவ்வளவு கமிஷன் என்று வேலை பார்க்கும் யாரும் அப்படி எழுத மாட்டார்கள், எழுதவும் சொல்ல முடியாது.

படம் எடுப்பதும் விளம்பரமும் சுலபமான விஷயம். கொடுத்துவிடலாம், படம் நன்றாக இல்லையென்றால் பார்த்தவுடனே தெரியும். விளம்பரத்தில் மட்டும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை ஆர்டர் வந்து அதில் எத்தனை திரும்பாமல் நின்றது என்று நம் கணக்கில் பாருங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேவாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு இணையப் பெயர், விளம்பரக் கணக்கு, பக்கத்தின் நிர்வாக உரிமை எல்லாவற்றையும் வேலை செய்தவர் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்து கொடுத்திருந்தார். இருவருக்கும் ஒத்துவராமல் பிரிந்தபோது, கடைக்காரருக்குத் தன் பக்கத்துக்குள்ளேயே நுழைய வழியில்லை. இணையப் பெயர், பக்கம், விளம்பரக் கணக்கு, கூரியர் கணக்கு, பணம் வாங்கும் வழி ஆகிய ஐந்தும் நம் பெயரில், நம் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுக்கலாம்.

ஜி.எஸ்.டி. கணக்கை ஒரு கணக்காளரிடம் கொடுத்திருக்கிறோம். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்றுமுதல் சிறியதோ பெரியதோ பதிவு வேண்டும் என்பதால், எல்லையோரக் கடைக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத கணக்குக்கு 20 ரூபாய் என்று தாமதக் கட்டணம் ஓர் உச்சவரம்பு வரை ஏறும். அவர் எழுதட்டும். ஆனால் கூரியர் பட்டியலில் கேரளத்துக்குப் போன பார்சல்களின் மதிப்பையும், அவர் தயாரித்த கணக்கில் கேரளத்துக்குக் காட்டிய விற்பனையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான், கணக்கைத் தாக்கல் செய்ய என் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்கிறேன். கால் மணி நேர வேலை. கேட்டவுடன் ஓ.டி.பி. சொல்லிப் பழகினால் அது கையெழுத்திட்ட வெற்றுத்தாளைக் கொடுப்பதற்குச் சமம்.

புதிதாக யாரிடமாவது ஒரு வேலையைக் கொடுப்பதாக இருந்தால், அதை மாசி, பங்குனியில் செய்யுங்கள். பறிப்பு ஓய்ந்து, ஆர்டர் சீராக இருக்கும் காலம். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆளைப் பிடித்து வேலையைத் திணித்தால் அவருக்கும் கற்றுக்கொள்ள நேரமில்லை, நமக்கும் சோதிக்க நேரமில்லை. முதலில் பாதியை மட்டும் கொடுத்து, மீதியை வீட்டிலேயே செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். மதுரையில் இருக்கும் எங்கள் சித்தி முகவரிக்கு ஒரு சாதாரண ஆர்டரைப் போட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுவேன். பெட்டி எப்படி வந்தது, உள்ளே உறை நசுங்கியதா, பில் இருந்ததா என்று அவர் படம் எடுத்து அனுப்புவார். கூலிக்காரரை வேவு பார்க்கிறாயா என்று மதினி கேட்டார். இருக்கலாம். வீட்டில் நாங்கள் கட்டிய பெட்டியையும் அதே முகவரிக்கு அனுப்பித்தான் பார்க்கிறேன்.

கொடுப்பதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, திரும்ப வாங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காய் பொறுக்கக் கொடுக்கும் கிடங்கைக் கடந்த பருவத்தில் மாற்றினோம். முதல் கிடங்கில் பெரிய ஏற்றுமதி வேலை வந்து எங்கள் சிறு மூட்டைகள் மூலையில் கிடக்க ஆரம்பித்தன. தொடங்கும்போதே, நிறுத்துவதென்றால் இருவரில் யாராக இருந்தாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், நிறுத்தும் நாளில் கையிருப்பை எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும், கூலிப் பாக்கியை அன்றே தீர்க்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தோம். அதன்படி போய், மூட்டைகளைத் தராசில் ஏற்றி, கழிவுச் சாக்கையும் கேட்டு வாங்கி, பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வண்டியிலேயே காய் புதுக் கிடங்குக்குப் போனது.